பூர்வீக வீட்டை விற்கும்போது மனசு சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: செட்டிநாட்டுக் கண்டனூரில் ஐயா (தாத்தா) கட்டிய வீடு. அப்பச்சி (அப்பா) தவறி இரண்டு மாதம் ஆகிறது. பங்காளிகள் விற்றுவிடலாம் என்கிறார்கள். பர்மா தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுக்கும் காரைக்குடி வியாபாரி ஒருவர் தனியாக விலை சொல்கிறார்; இந்த மாதத்துக்குள் பதில் வேண்டுமாம். "செண்டிமெண்ட் பார்க்காதே, கணக்கைப் பார்" என்கிறார் அண்ணன். எனக்கோ கையெழுத்து என்றாலே வயிற்றைப் பிசைகிறது. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு முடிவெடுப்பதுதானே சரி?

பதில்: முழுக்க ஒதுக்கினால் முடிவே வராது. நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோவிடம் வந்த சிலருக்கு முன்மூளையின் அடிப்பகுதியில் பாதிப்பு. அறிவு, நினைவு, கணக்கு எல்லாம் சரியாக இருந்தன. உணர்ச்சி மட்டும் மங்கிப்போயிருந்தது. அவர்களில் ஒருவரிடம் அடுத்த முறை வர இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார். அந்த மனிதர் டைரியைப் புரட்டிக்கொண்டு, அன்றைக்கு இருக்கும் மற்ற வேலை, வானிலை என்று அரை மணி நேரம் சாதக பாதகம் அடுக்கினார். கடைசியில் டமாசியோவே ஒரு தேதியைச் சொல்ல, சரி என்று கிளம்பிவிட்டார். அலசல் போதும் என்று நமக்குச் சொல்வதில் அந்த வயிற்றுப் பிசைவுக்கும் பங்கு உண்டு.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1990இல் வெளியிட்ட சோதனையில், கையில் காபிக் கோப்பை கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்க ஏறக்குறைய 7 டாலர் கேட்டார்கள். வாங்க வேண்டியவர்களோ ஏறக்குறைய 3 டாலர்தான் தரத் தயாராக இருந்தார்கள். சற்று நேரம் வைத்திருந்த கோப்பைக்கே இப்படி என்றால், ஐயா கட்டிய வீட்டுக்கு யார் சொல்லும் விலையும் உங்களுக்குக் குறைவாகத்தான் படும்.

ஆனால் துக்கம் எதிர்த்திசையில் இழுக்கும். உளவியலாளர் ஜெனிஃபர் லெர்னரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் காட்டியது இது: சோகக் காட்சி பார்த்தவர்கள் தங்கள் பொருளைக் குறைந்த விலைக்கே விட்டுக்கொடுத்தார்கள். "அப்பச்சி இல்லாத வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதியை) பார்க்கவே முடியலை, போகட்டும்" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். கணக்கு பேசும் அண்ணனும் இதே துக்கத்தில்தான் இருக்கிறார். அவர் கணக்கில் அது கலக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, என்ன செய்யலாம்? வயிற்றைப் பிசைவது எதற்காக என்று பிரித்துப் பாருங்கள். கானாடுகாத்தானில் சில வீடுகள் ஹோட்டலானதுபோல, உங்கள் வீடும் தூண் பிரியாமல் கைமாறினால் இதே கலக்கம் வருமா? வராது என்றால், விற்பதில் உங்களுக்குச் சம்மதம். பிரித்து விற்பதில்தான் இல்லை. இனிமேல் முன்னோருக்கான படைப்பு எங்கே நடக்கும் என்ற கவலையா? அதைப் பங்காளிகள் கூடித்தான் பேச வேண்டும். உங்களைக் கேட்காமல் அண்ணன் விலை பேசிவிட்ட கோபமா? அதற்கு வீடு என்ன செய்யும்! அவரிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்.

வியாபாரியின் கெடு அவருடைய வசதிக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வேறு இரண்டு பழம்பொருள் கடைக்காரர்களையும் அழைத்து விலை கேளுங்கள். கழற்றிய தூண் திரும்ப வராது என்பதால், முடியுமானால் அப்பச்சி தவறி வருஷம் திரும்பும்வரை தள்ளிப்போடுங்கள். வரி, காவல்காரர் சம்பளம், ஓடு மாற்றும் செலவு மூன்றையும் இப்போதே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டு வேலை ஐப்பசி மழைக்கு முன் முடியட்டும்.