பேஸ்பால் மைதானம் புறநகருக்குப் போகலாமா? அட்லாண்டா பிரேவ்ஸ் பற்றிக் கேள்வி பதில்

அட்லாண்டா பிரேவ்ஸ் அணி 2017-இல் நகர மையத்தை ஒட்டியிருந்த டர்னர் ஃபீல்டைக் காலி செய்துவிட்டு, வடமேற்கே சுமார் 10 மைல் தள்ளி, காப் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கட்டிய புது மைதானத்துக்குக் குடிபோனது. அது சரியா, தவறா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வேறு ஊர்களில் இதே யோசனை கிளம்பும்போதும் முதலில் அட்லாண்டா பெயர்தான் அடிபடுகிறது. உள்ளாட்சிகளின் வரவு செலவுக் கணக்கைப் படிப்பது என் தொழில், பேஸ்பால் என் பிரியம். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், டர்னர் ஃபீல்டு இருபது வருஷம்தானே ஓடியது? அதற்குள் எதற்குப் புது மைதானம்?

1996 ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய அரங்கம் அது. மறு வருஷமே பேஸ்பாலுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தார்கள். குத்தகை 2016-இல் முடிந்தது. பழுது பார்க்கவே 15 கோடி டாலர் ஆகும், பார்க்கிங் போதாது, ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை, ரசிகர்கள் பெரும்பாலும் வடக்கே இருக்கிறார்கள் என்று அணி காரணங்களை அடுக்கியது. டிக்கெட் வாங்கியவர்களின் முகவரிகளைப் புள்ளி வைத்து ஒரு வரைபடமும் வெளியிட்டார்கள். நகரத்துக்கு வடக்கே சிவப்பு அப்பிக் கிடந்தது.

எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டர்னர் ஃபீல்டைச் சுற்றியிருந்த நிலம் அணியின் கையில் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களின் மீதிச் செலவு வேறு எங்கோ போகும். காப் கவுன்டியில் மைதானத்தை ஒட்டியே நிலம் வாங்கி, ‘பேட்டரி’ என்று ஒரு சின்ன ஊரையே கட்டிக்கொண்டார்கள். ஓட்டல், அடுக்குமாடி வீடுகள், உணவகங்கள், இசை அரங்கம், காம்காஸ்ட் நிறுவனத்தின் அலுவலகம் எல்லாம் அங்கே உண்டு. பேஸ்பால் இல்லாத குளிர்காலத்திலும் வாடகை வருகிறது. அணியின் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருப்பதால் கணக்கை யாரும் பார்க்கலாம்: 2023-இல் மொத்த வருவாய் சுமார் 64 கோடி டாலர், அதில் பேட்டரியின் பங்கு மட்டும் சுமார் 6 கோடி.

கேள்வி (சிங்கப்பூர்): ஃபால்கன்ஸ் கால்பந்து அணி நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டதே. பிரேவ்ஸுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

அமெரிக்கக் கால்பந்து அணி தன் சொந்த மைதானத்தில் ஒரு சீசனில் எட்டு, ஒன்பது ஆட்டம்தான் ஆடும், அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். பேஸ்பாலில் 81 ஆட்டம். செவ்வாய், புதன் சாயங்காலமெல்லாம் ஆட்டம் இருக்கும். அலுவலகம் முடிந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஏழரை மணிக்குள் இருக்கையில் உட்கார முடிந்தால்தான் ஜனம் வரும். வார நாள் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிற விளையாட்டு இது என்பதால் மைதானம் எங்கே இருக்கிறது என்பது பேஸ்பாலுக்கு உயிர்நாடி. வடக்கே போனதற்கு வியாபார நியாயம் இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், அன்றைய மேயர் காசிம் ரீட் ஃபால்கன்ஸ் மைதானத்துக்கு ஓட்டல் வரியிலிருந்து 20 கோடி டாலர் தர ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். இன்னொரு அணிக்கும் அள்ளிக் கொடுக்க நகரத்தால் முடியாது என்று கையை விரித்துவிட்டார். அவர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்றாக இதை நினைக்கிறேன்.

கேள்வி (மாரியட்டா): நான் காப் கவுன்டியில்தான் வீடு வாங்கியிருக்கிறேன், அண்ணா. என் வரிப் பணம் எவ்வளவு போகிறது? எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்டதாகவே தெரியவில்லையே?

கேட்கவில்லை என்பது சரிதான். பொது வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2013 நவம்பர் 11 அன்று அணி செய்தியை வெளியிட்டது. நவம்பர் 26 அன்று கவுன்டி ஆணையர்கள் 4-1 என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள பதினைந்தே நாள்! எதிர்த்து ஓட்டுப் போட்டவர் லிசா கியூபிட் ஒருவர்தான். பேரத்தை முன்னின்று முடித்த தலைவர் டிம் லீ 2016 தேர்தலில் தோற்றார். கியூபிட் 2020-இல் ஜெயித்து அதே தலைவர் நாற்காலிக்கு வந்தார்.

கவுன்டியின் பங்கு சுமார் 30 கோடி டாலர். அதைக் கடன் பத்திரம் மூலம் திரட்டினார்கள். வருஷா வருஷம் அந்தக் கடனைக் கட்டப் பணம் வருகிற இடங்கள்: சொத்து வரியில் ஒரு பகுதி, ஓட்டல் அறை வரி, வாடகைக் கார் வரி, மைதானம் இருக்கும் கம்பர்லேண்ட் பகுதிக்கு மட்டும் போட்ட தனி வரி. ஓட்டல் வரியை வெளியூர்க்காரர்கள்தானே கட்டுகிறார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் அந்தப் பணம் மைதானத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் கவுன்டியின் வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்கும். மைதானம் அரசு அமைப்பின் பெயரில் இருப்பதால் அதற்குச் சொத்து வரி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கென்னசா ஸ்டேட் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஜே.சி. பிராட்பரி இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்து வருகிறார். மைதானத்தால் வருகிற வரியையெல்லாம் கழித்த பிறகும் கவுன்டிக்கு வருஷத்துக்குச் சுமார் 1.5 கோடி டாலர் கை நஷ்டம் என்பது அவர் முடிவு. மைதானத்தை நான் வெறுக்கவில்லை, டிக்கெட் வாங்கிப் போகிற ஆள்தான். ஆனாலும் இந்தப் பேரத்தைப் படிக்கும்போது கோபம் வருகிறது. 2018-இல் இதே கவுன்டி பட்ஜெட்டில் துண்டு விழுந்து, நூலகங்களை மூடலாமா என்று பேசிக்கொண்டிருந்தது.

கேள்வி (மதுரை): அவ்வளவு கூட்டம் வந்து செலவு செய்கிறதே, அதனால் ஊர் வளராதா?

பேட்டரிக்குப் போய்ப் பார்த்தால் வளர்ந்த மாதிரிதான் தெரியும். ஒரு சனிக்கிழமை மதியம் நடைபாதையில் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் அங்கே 200 டாலர் செலவழிக்கும் குடும்பம் பெரும்பாலும் அதே வட்டாரத்துக் குடும்பம். அது இல்லையென்றால் அந்தப் பணம் கென்னசாவில் ஒரு சினிமாவுக்கோ ரோஸ்வெல்லில் ஒரு உணவகத்துக்கோ போயிருக்கும். பணம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மைதான வேலைகளும் பெரும்பாலும் பகுதி நேர வேலைகள், சீசனோடு முடிந்துவிடும். வீரர்களின் சம்பளமோ கவுன்டியைத் தாண்டிப் போய்விடுகிறது. அரசுப் பணத்தில் கட்டிய மைதானம் அந்தச் செலவைத் திருப்பித் தராது என்பதில், பல விஷயங்களில் முட்டிக்கொள்ளும் பொருளாதார அறிஞர்கள்கூட ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகிறார்கள்.

கேள்வி (ஜான்ஸ் க்ரீக்): கூட்டம் கூடியிருக்கிறதே! அணிக்கு வெற்றிதானே?

அணிக்கு வெற்றி, சந்தேகமே வேண்டாம். 2016-இல் சுமார் 20 லட்சம் பேர் வந்தார்கள், புது மைதானத்தின் முதல் வருஷத்தில் 25 லட்சம், 2023-இல் 31 லட்சத்துக்கும் மேல். ஆனால் 2013-இல், பழைய மைதானத்தில், நன்றாக ஆடிய அணியைப் பார்க்கவும் 25 லட்சம் பேர் வந்தார்கள். 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு முறை பிரிவில் முதலிடம், 2021-இல் பேஸ்பாலின் உச்சமான உலகத் தொடர் கோப்பை. ஜெயிக்கிற அணிக்குக் கூட்டம் தானாக வரும். இடம் மாறியதால் வந்தது எவ்வளவு, வெற்றியால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

கேள்வி (டிகேட்டர்): எங்களுக்குக் கார் கிடையாது. ரயிலில் போக ஏன் வழி இல்லை?

இதற்குப் பதில் 1965-இல் தொடங்குகிறது. மார்ட்டா என்கிற பொதுப் போக்குவரத்து அமைப்பில் சேரலாமா என்று அப்போது வாக்கெடுப்பு வைத்தார்கள். காப் கவுன்டி வேண்டாம் என்றது. 1971-இல் க்வின்னெட், க்ளேட்டன் கவுன்டிகளும் அதையே சொன்னார்கள். நகரத்தை விட்டுப் புறநகருக்கு இடம்பெயர்ந்த வெள்ளையர்கள், ரயில் வந்தால் நகரத்துக் கறுப்பின மக்களும் அதில் ஏறி வருவார்கள் என்று பயந்தது அதற்கு முக்கியக் காரணம். 2014-இல் க்ளேட்டன் சேர்ந்துகொண்டது. காப் 2024 நவம்பரிலும் போக்குவரத்து வரியை நிராகரித்தது.

பழைய மைதானத்துக்கும் ரயில் வாசல்வரை போகவில்லை. ஜார்ஜியா ஸ்டேட் நிலையத்தில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும், அல்லது ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். ஆனாலும் போக முடிந்தது. இப்போதோ நகரத்தின் தெற்கே குடியிருந்து மைதானத்தில் தின்பண்டம் விற்கிற ஆள், இரவு பதினொரு மணிக்கு எப்படி வீடு திரும்புவது? வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இல்லாத இடங்களிலும் பிரேவ்ஸ் ரசிகர்கள் இருந்தார்கள், குறைவான டிக்கெட் வாங்கினார்கள் என்பதுதான் வித்தியாசம். எனக்கு இந்த இடமாற்றத்தில் மனது ஆறாத விஷயம் இதுதான்.

கேள்வி (திருச்சி): விட்டுப்போன இடம் என்ன ஆனது?

அது பல பேர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. 1960-களில் சம்மர்ஹில், மெக்கானிக்ஸ்வில், பீப்பிள்ஸ்டவுன் பகுதிகளில் வீடுகளை இடித்து, டர்னர் ஃபீல்டுக்கு முந்தைய முதல் ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் அவை. மில்வாக்கியிலிருந்து பிரேவ்ஸை வரவழைக்க நடந்த வேலை அது, அணி 1966-இல் வந்தது. பிரேவ்ஸ் வீரர் ஹாங்க் ஆரன் 1974 ஏப்ரல் 8 அன்று தன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் பழைய சாதனையைத் தாண்டியது அங்கேதான். 1997-இல் அந்த ஸ்டேடியத்தை வெடிவைத்துத் தகர்த்து, பார்க்கிங் ஆக்கினார்கள். பந்து விழுந்த இடத்தில் ‘715’ என்று எழுதிய வேலித் துண்டு மட்டும், சுற்றிலும் கார்கள் நிற்க, தனியே நின்றது. ஐம்பது வருஷம் பக்கத்திலேயே ஒரு பெரிய அணி இருந்தும் அந்தத் தெருக்களுக்குக் கிடைத்தது தார் போட்ட வெளிதான்.

அணி போன பிறகு ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஒரு கட்டுமான நிறுவனமும் சேர்ந்து இடத்தை வாங்கின. டர்னர் ஃபீல்டு கல்லூரிக் கால்பந்து மைதானமாகிவிட்டது. ஜார்ஜியா அவென்யூவில் கடைகளும் வீடுகளும் முளைத்தன, 2023-இல் பப்ளிக்ஸ் மளிகைக் கடை திறந்தது. வாடகை ஏறிவிட்டது என்று பழைய குடித்தனக்காரர்கள் சொல்வதும் நியாயமான குறை.

கேள்வி (டாலஸ்): மற்ற அணிகள் மிரட்டினால் ஊர் என்ன செய்கிறது?

ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதம். சிகாகோ ஒயிட் சாக்ஸ் 1986-இல் அடிசன் என்ற புறநகருக்குப் போகப் பார்த்தது, அந்த ஊர் மக்கள் மிகச் சிறிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள். பிறகு ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்றது அணி. 1988 ஜூன் 30 நள்ளிரவுக்குள் இலினாய் சட்டமன்றம் பணம் ஒதுக்க வேண்டும். நேரம் தாண்டிவிடும் போலிருந்ததால் கடிகாரத்தையே நிறுத்திவைத்து ஓட்டெடுத்தார்கள்! கான்சஸ் சிட்டி ராயல்ஸ் கதை தலைகீழ்: புறநகரிலிருந்து நகர மையத்துக்கு வர வரி கேட்டது. 2024 ஏப்ரலில் ஜாக்சன் கவுன்டி மக்கள் 58 சதவீதம் பேர் மறுத்தார்கள். மக்களிடம் கேட்டால் பதில் பல நேரம் இப்படித்தான் வருகிறது. கேட்காமல் முடிக்கத் துடிப்பதும் அதனால்தான்.

கேள்வி (கம்மிங்): எங்கள் ஃபோர்சைத் கவுன்டியில் ஐஸ் ஹாக்கி அரங்கம் கொண்டுவரப் பேச்சு நடக்கிறது. நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறோம். கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்கலாம்?

கட்டாயம் போங்கள். நான் கேட்கிற முதல் கேள்வி: மதிப்பீட்டைத் தாண்டிச் செலவானால் யார் தலையில் விழும்? அரங்கம் யார் பெயரில் இருக்கும், சொத்து வரி உண்டா? ஆட்ட நாளில் போலீசுக்கும் சாலைக்கும் ஆகிற செலவு யாருடையது? அணி வராமலே போனால் கடனை யார் கட்டுவது? ‘கவுன்டியின் வரிப் பணம் ஒரு காசும் போகாது’ என்று யாராவது சொன்னால், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரிய அணி தன் சொந்தக் காசில் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், நானே வந்து கைதட்டுவேன். உங்கள் வீட்டு வரியில் கட்டுவதென்றால் உங்களிடம் ஓட்டுக் கேட்டுவிட்டுக் கட்டட்டும்.

கேள்வி (ஆல்ஃபரெட்டா): கடைசியாக, அண்ணா: பிள்ளைகளோடு முதல் முறை போகிறோம். எப்போது கிளம்பலாம்?

வார நாள் என்றால் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். 75, 285 நெடுஞ்சாலைகள் சேருகிற அந்தச் சந்திப்பு சாயங்காலத்தில் நகராது. பார்க்கிங்கை வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளுங்கள். 285-க்குத் தெற்கே நிறுத்தினால் நடைபாலம் ஏறி வர வேண்டும், சின்னப் பிள்ளை என்றால் தள்ளுவண்டி எடுத்துப் போங்கள்.