அஸ்தமனத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களா, பஃபேவுக்கா?

இந்த வாரம் வந்த கேள்வியில பாதிக்கு மேல படகு பத்திதான். லீவு நெருங்குதுல்ல, எல்லாருக்கும் ரீல்ஸ்ல அந்த "சன்செட் டின்னர் க்ரூஸ்" வந்து நிக்குது போல. சரின்னு பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். ரோஜாச் செடிக்கு பூச்சி மருந்து கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கொடைக்கானல் நாயுடுபுரம் வாசகர்: அக்கா, நாங்க ஹோம்ஸ்டே நடத்துறோம். அஞ்சரை மணிக்கு மேல இங்க பாக்க என்ன இருக்குன்னு வர்ற கெஸ்ட் எல்லாம் கேக்குறாங்க. இவ்ளோ பெரிய ஏரிய வச்சிக்கிட்டு கோவா மாதிரி பாட்டு, டான்ஸ், சாப்பாடுன்னு ஒரு பெரிய படகு விட்டா என்ன?

பெரிய ஏரின்னு நமக்குத்தான் தோணுது தம்பி. 60 ஏக்கர்தான். சுத்தி நடந்தா அஞ்சு கிலோமீட்டர் வருதே அது எப்படின்னா, நட்சத்திரம் மாதிரி கை கையா நீண்டு கிடக்கிறதாலதான், நடுவுல நேரா ஓட்டிப் பாத்தா எதிர்க்கரை உடனே வந்துடும். கோவாவுல மாண்டோவி ஆத்துல பனாஜி பக்கம் படகு ஒரு மணி நேரம் பாட்டுக்குப் போய்ட்டு வரும், ரெண்டு மணி நேர டின்னர் ட்ரிப்பும் இருக்கு, இங்க அந்த சைஸ் படகு கிளம்பித் திரும்பறதுக்குள்ள சூப்கூட ஆறாது. 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை கரை கட்டி உண்டாக்கின ஏரி இது, 1890ல போட் கிளப் ஆரம்பிச்சதுலருந்தே துடுப்பு போடுறவங்களோட ஏரி, ரெண்டு மாடி, ஜெனரேட்டர், டிஜே இதெல்லாம் தாங்குற இடமே இல்ல.

இன்னொண்ணு, சூரியன். கடலோரத்துல சூரியன் தண்ணிக்குள்ள இறங்குறது கடைசி வரைக்கும் தெரியும். நம்ம ஏரி நாலு பக்கமும் மேடும் மரமுமா இருக்கிற பள்ளத்துல இருக்கு, காலண்டர்ல அஸ்தமனம் 6.10னு போட்டிருந்தாலும் அதுக்கு ரொம்ப முன்னாடியே வெயில் மரத்துக்குப் பின்னாடி போயிடும், போன கையோட குளிர் இறங்கிடும், டிசம்பர் ஜனவரியில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டே யாரு பாஸ்தா சாப்பிடுவா? ராத்திரியில காட்டுமாடு ஊருக்குள்ளயே ரோட்டுல நின்னு நம்மள மொறைக்கிற ஊரு வேற, அதுங்க காதுல போய் ஸ்பீக்கர் வைக்கணுமா.

உங்க கெஸ்ட்டுக்கு நான் சொல்றது இதுதான். நாலு, நாலரைக்கு ஏரிக்கு அனுப்பி விடுங்க, மோட்டார் சத்தமில்லாத துடுப்புப் படகு, ஆள் வச்சு ஓட்டுறது. அந்த சாய்ஞ்ச வெயில் தண்ணில படுற நேரம் அதுதான். திரும்பி வந்ததும் உங்க வீட்டுத் திண்ணையில கணப்பு போட்டு, உள்ளூர்ல பாடுற பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, ராத்திரிச் சாப்பாடு. அதையே பேக்கேஜா வித்துப் பாருங்க. தீம் படகுதான் பாக்கணும்னு அடம் பிடிக்கிறவங்கள மே மாசம் கோடை விழாவுக்கு வரச் சொல்லுங்க, படகு அலங்காரப் போட்டில ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் படகை ஜோடிச்சு வர்ற அழகு இருக்கே, அத கரையில நின்னு ஓசிலயே பாக்கலாம். இ-பாஸ் எடுத்துட்டு வரச் சொல்ல மறந்துடாதீங்க, 2024 மேலருந்து நமக்கும் நீலகிரிக்கும் அது இல்லாம வெளியூர் வண்டி மேல வர முடியாது.

கூடலூர் வாசகி: அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போய் க்ரூஸ்ல டின்னர் குடுக்கலாம்னு இருக்கேன். அம்மா சுத்த சைவம். அப்பாவுக்கு நாடுகாணி இறக்கத்துலயே வாந்தி வந்துடும். எது புக் பண்ண? என்ன கேட்டு புக் பண்ண?

நல்ல மனசு மா உனக்கு. கொச்சியில கேரள அரசோட ஷிப்பிங் கார்ப்பரேஷனே ரெண்டு விதமா ஓட்டுது. சாகரராணின்னு ஒண்ணு, மெரைன் டிரைவ்லருந்து ரெண்டு மணி நேர ட்ரிப். இன்னொண்ணு நெஃபர்டிடி, 2018ல விட்டது, 200 பேர் ஏறுற பெரிய கப்பல், எகிப்து ராணி பேர வச்சு உள்ள அலங்காரம் எல்லாம் எகிப்து தீம்ல பண்ணிருக்காங்க, நேரமும் அதிகம். உங்க அப்பா நிலைமைக்கு நான் சின்ன ட்ரிப்புக்குத்தான் ஓட்டு போடுவேன். கப்பல் நடுவழியில பிடிக்கலைன்னா பஸ்ஸ நிறுத்தச் சொல்ற மாதிரி இறங்க முடியாதுல்ல.

வாந்தி விஷயம் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா மலைக்காரங்க நிறையப் பேர் "நாங்க 36 கொண்டை ஊசி கல்லட்டியிலயே போனவங்க, கடல் என்ன பண்ணிடும்"னு வீராப்பா ஏறி அப்புறம் வாஷ்பேசின விட்டு நகர மாட்டாங்க. உள்காது ஆட்டத்த உணருது, கண்ணு எதிர்ல ஆடாத பிளேட்டையும் சுவத்தையும் பாக்குது, ரெண்டும் ஒத்துப் போகாததுதான் குமட்டல். வளைவுல டிரைவருக்கு மட்டும் வாந்தி வராம இருக்கிறதும் அதனாலதான், அடுத்த திருப்பம் அவருக்குத் தெரியும். அதனால கீழ்த்தளத்துல, கப்பலோட நடுவாக்குல சீட்டு கேளு, அங்கதான் ஆட்டம் கம்மி. ஏசி ஹாலுக்குள்ள பூட்டி வைக்காத, அப்பாவ வெளிக்காத்துல உக்கார வச்சு தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டப் பாக்கச் சொல்லு. மாத்திரைய ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, பிரஷர், சுகர், ப்ராஸ்டேட்னு ஏற்கனவே மருந்து சாப்பிடுறார்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் இந்த ப்ளானே வேண்டாம், அரபிக்கடல் கொந்தளிக்கிற மாசம்.

இப்ப முக்கியமான கேள்வி. புக் பண்றப்ப எல்லாரும் மெனு கேப்பாங்க, நீ டைம் கேளு. "அஸ்தமனத்தப்ப படகு எங்க இருக்கும்?"னு கேளு. டிசம்பர்ல கொச்சியில சூரியன் ஆறு மணி வாக்குல விழுந்துடும், ஜூன் கடைசியில 6.50 ஆகும். நம்ம ஊர் பக்கமெல்லாம் சூரியன் சரேல்னு நேரா இறங்கும், விழுந்த அரை மணி நேரத்துல கும்மிருட்டு. வருஷம் பூரா ஒரே கிளம்புற டைம் போட்டு வச்சிருக்கிற படகுல டிசம்பர் மாசம் ஏறினா, நீங்க வெல்கம் ட்ரிங்க் வாங்க லைன்ல நிக்கிறப்பவே, படகுத்துறையிலயே சூரியன் போயிடும். அதுக்கப்புறம் அது வெறும் மிதக்குற கல்யாண மண்டபம்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனா சூடா எதிர்பாக்காதீங்க. நிறையப் படகுல கரையில சமைச்சு ஏத்தித்தான் கொண்டு வர்றாங்க. பஃபே பாத்திரத்துக்கு அடியில அந்த நீலத் தீ எரியுமே, மேல்தளத்துல காத்து அடிச்சா முதல்ல அணையுறது அதுதான், அப்புறம் பனீர் ரப்பரா இழுக்கும். அம்மாவுக்கு சாயங்காலமே ஹோட்டல்ல ரெண்டு இட்லி குடுத்துட்டு ஏத்திடு.

குன்னூர் வாசகர்: தீம் நைட்டுன்னு போடுறாங்களே, அதுல என்ன பெருசா இருக்கு? கடற்கொள்ளைக்காரன் தொப்பி போட்டு உக்காரணுமாம், என் மனைவி கேக்குறா, எனக்கு வெக்கமா இருக்கு.

தொப்பி போட்டுக்கோங்க சார், அங்க உங்கள யாருக்குத் தெரியும். ஆனா தீம்னா பாதி இடத்துல தெர்மாகோல் நங்கூரமும் கறுப்பு பலூனும்தான். நான் பாத்ததுல கோவா படகுங்க பரவால்ல, தேக்னி, ஃபுக்டின்னு அந்த ஊர் ஆட்டத்தையே மேடை ஏத்துறாங்க, அத வேற ஊர்ல பாக்குறது கஷ்டம். ஆனா ஒரு கூத்து, சரியா சூரியன் தண்ணியத் தொடுற நேரத்துலதான் அறிவிப்பாளர் "கப்பிள்ஸ் எல்லாம் மேடைக்கு வாங்க"ன்னு கூப்பிட்டார், மொத்தக் கூட்டமும் முதுகக் காட்டிக்கிட்டு மேடைப் பக்கம் திரும்பிடுச்சு. ரெயிலிங் ஓரமா மிச்சம் நின்னது ஒரு பாட்டியும், சிப்ஸ் பாக்கெட்டோட ஒரு சின்னப் பையனும்தான். காசு குடுத்தது எதுக்குன்னு அவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

கோத்தகிரி வாசகி: மக துபாய்ல இருக்கா, எங்களுக்கு தோ க்ரூஸ், அதான் அரபு மரக்கப்பல்ல டின்னர், புக் பண்ணிட்டாளாம். மாமனார் மாமியாரும் கூட வர்றாங்க. டான்ஸ் எல்லாம் இருக்கும்கிறா, எசகுபிசகா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பயப்படாதீங்க, பெரும்பாலும் தனூரான்னு ஒரு ஆட்டம்தான் இருக்கும். எகிப்துப் பக்கத்துது, ஆம்பள ஒருத்தர் கலர் கலரா பெரிய பாவாடை கட்டிக்கிட்டு நிக்காம சுத்துவார், பாவாடையில லைட் வேற எரியும், உங்க மாமனார்தான் முதல்ல கை தட்டுவார் பாருங்க. அது பெரும்பாலும் எட்டு மணி வாக்குல கிளம்புற ட்ரிப், அங்க குளிர்காலத்துல அஞ்சரைக்கே சூரியன் போயிடும், அதனால அஸ்தமனம் பாக்கலாம்னு நினைக்காதீங்க, கரையோர விளக்குங்கதான் காட்சி. மாமனார்கிட்ட இன்னொண்ணும் சொல்லி வைங்க, அந்த மாதிரி மரக்கப்பல காலங்காலமா அரபுக்காரங்களுக்குக் கட்டிக் குடுத்தது நம்ம மலைக்குக் கீழ கோழிக்கோடு பக்கத்துல இருக்கிற பேப்பூர் ஆசாரிங்க. உருன்னு பேரு. பேப்பர்ல பிளான் போடாம மேஸ்திரி மனக்கணக்குலயே கட்டுவாங்க.

பழனி வாசகர்: தானூர் விபத்துக்கு அப்புறம் படகுன்னாலே வீட்ல விட மாட்டேங்குறாங்க. நான் கோழைன்னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க.

கிண்டல் பண்ணிட்டுப் போகட்டும். 2023 மே 7, கேரளாவுல தானூர், 22 பேர் போயிட்டாங்க, பாதிக்கு மேல பிள்ளைங்க. மீன்பிடிப் படக டூரிஸ்ட் படகா மாத்தினது, அளவுக்கு மேல ஆளு, இருட்டுற நேரத்து ட்ரிப். அதுக்கு முன்னாடி 2009 செப்டம்பர் 30, தேக்கடி, 45 பேர். அது ரெண்டடுக்கு, கரையில விலங்கு தெரியுதுன்னு எல்லாரும் ஒரே பக்கம் போனதுல சாய்ஞ்சதா சொன்னாங்க. ரெண்டுலயும் பாடம் ஒண்ணுதான், மேல வெயிட் ஏற ஏற படகு சாய்ஞ்சா நிமிராது. இந்த டின்னர் க்ரூஸ்லயும் அதேதானே நடக்குது, சூரியன் ஒரு பக்கம்தான் விழும், போட்டோ எடுக்க எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடுவாங்க! 200 பேர் ஏறுற பெரிய கப்பல் இத தாங்கும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டிருப்பாங்க, சின்னச் சின்ன ஆத்துப் படகுலதான் பயமே.

அதனால ஏறுறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க. எத்தனை பேருன்னு எழுதின போர்டு இருக்கா, அதுக்கு மேல ஏத்துறாங்களா. 2021 உள்நாட்டுக் கப்பல் சட்டப்படி பதிவும் சர்வே சர்டிபிகேட்டும் இருக்கணும், கேட்டா காட்டணும். லைஃப் ஜாக்கெட் பூட்டின பெட்டிக்குள்ள இருந்தா அது இல்லாததுக்கு சமம், கொழந்தை சைஸ் இல்லைன்னா கொழந்தையோட ஏறாதீங்க. "கடைசி ட்ரிப் சார், அட்ஜஸ்ட் பண்ணி ஏறுங்க"ன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க, அட்வான்ஸ் போனா போகட்டும்.

ஊட்டி வாசகி: பையன் பொறந்தநாளுக்கு பைக்காரா படகுல கேக் வெட்டலாமா?

படகுல வேண்டாம். அங்க மோட்டார் படகு வேகமா போயிட்டு சட்டுனு திரும்பிடும், கேக் உங்க மடியிலதான் வெட்டுப்படும். வீட்லயே வெட்டிட்டுப் போங்க. பிளாஸ்டிக் கத்தி, தட்டெல்லாம் கொண்டு போகாதீங்க, ஃபைன் போடுவாங்க.

வெலிங்டன் வாசகர்: ரிசார்ட்ல கேம்ப் ஃபயருக்கு கீபோர்டு வாசிக்கிறேன். கொச்சியில ஒரு படகுல சீசன் முழுக்க வாசிக்கக் கூப்பிடுறாங்க. போலாமா?

போங்க, ஆனா கேம்ப் ஃபயர் மாதிரின்னு நினைச்சுப் போகாதீங்க. முதல் எதிரி காத்து, மைக்குக்கு நல்ல ஸ்பாஞ்ச் உறை எடுத்துக்கோங்க, இல்லைன்னா பாடுறதுக்கு பதிலா புஸ்ஸு புஸ்ஸுன்னுதான் கேக்கும். ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கினா கீபோர்டு நடுப்பாட்டுல அணைஞ்சு மறுபடி முதல்லருந்து ஆன் ஆகும், அதுக்கு சின்ன யுபிஎஸ் ஒண்ணு. மேல கூரை தாழ்வா இருக்கும், ஸ்பீக்கர உங்க மைக்குக்கு முன்னாடி தள்ளி வைக்கலைன்னா கீச்சுன்னு கத்தும். உப்புக்காத்துல ஜாக், பின்னெல்லாம் பச்சை பூத்துடும், தினமும் தொடச்சு வைங்க. ரெண்டு மணி நேரமும் உங்களுக்கில்ல, அறிவிப்பு, லக்கி டிரா, பஃபேன்னு நடுவுல நடுவுலதான் வாசிக்க விடுவாங்க, அதனால சின்னச் சின்ன செட்டா பிரிச்சு வச்சுக்கோங்க. அந்த மேனேஜர்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டு வாங்குங்க, சூரியன் விழுற கால் மணி நேரத்துக்கு மைக்ல யாரும் பேசக் கூடாது, நீங்க மட்டும் மெல்லமா ஏதாவது ஒரு பழைய மெலடி. மழையில ட்ரிப் கேன்சல் ஆனா சம்பளம் உண்டான்னு எழுதி வாங்குங்க, சாப்பாடு உண்டான்னும் இப்பவே கேட்டுடுங்க, பஃபே மூடினப்புறம்தான் ஆர்ட்டிஸ்ட்டுக்கு பிரேக்கே வரும்.