பக்கவாதத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடித்தால் புரையேறுகிறதே?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று வாரமாகிறது. சோறு ஓரளவு இறங்குகிறது. பிளேன்டீ குடித்தால்தான் புரையேறி இருமுகிறார். ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிறோம். சரியா? (ஒரு மகள், ஹட்டன்)

பதில்: தோய்த்த ரொட்டியை இன்றே நிறுத்துங்கள், மகள். அப்பா ரொட்டியை மென்று முடிப்பதற்குள் அதிலுள்ள தேத்தண்ணி பிரிந்து தொண்டைக்கு ஓடிவிடும். பக்கவாதத்தால் விழுங்கும் தசைகள் சற்றுப் பிந்தியே வேலை செய்யும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் நீர் உள்ளே போய்விடும். சோறு இறங்கியும் பிளேன்டீ புரையேறுவது இதனால்தான். குழம்பைத் தண்ணியாக ஊற்றிய சோற்றிலும் இதே ஆபத்து உண்டு.

இருமல் வரவில்லை என்றாலும் நிம்மதி அடைய வேண்டாம். சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சி குறைந்திருக்கும். நுரையீரலுக்குள் நீர் போனாலும் இருமல் வராது. குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ சந்தேகப்படுங்கள். நம் மலைப்பக்கத்தில் நெஞ்சுச்சளி என்றாலே பனியைக் குறைசொல்லி, கொத்தமல்லி அவித்துக் கொடுப்போம். அப்பாவுக்கு அது நியுமோனியாவாக இருக்கலாம்; கொத்தமல்லித் தண்ணியும் அதே வழியில் உள்ளே போகும். காய்ச்சல் என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கிளினிக் கொப்பியுடன் போய், பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி இந்த வாரமே கேளுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் அவர்தான் சிகிச்சை தருபவர். கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் இருக்கிறார்கள். பானத்தை எவ்வளவு கெட்டியாக்குவது, எந்தப் பயிற்சி பொருந்தும் என்பதைச் சோதித்துச் சொல்வார்கள். நீங்களாக மாவு கலக்க வேண்டாம். அளவு மீறினால் தொண்டையில் தங்கும், அவர் குடிப்பதும் குறையும். பலருக்கு முதல் சில வாரங்களிலேயே நல்ல முன்னேற்றம் தெரியும்.

அதுவரை, குளிருக்குப் போர்த்திப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நன்றாக விழித்திருக்கும்போது கதிரையில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சிறு கரண்டியால், பலமுள்ள பக்கமாகக் கொடுங்கள். அப்படியும் புரையேறினால் நிறுத்திவிட்டு, அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். பலவீனமான கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா பாருங்கள். பல்லும் நாக்கும் தினமும் சுத்தமாக இருக்கட்டும். வாய்க் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினாலும் நியுமோனியா வரும்.

மாத்திரைகளையும் பார்மசியில் காட்டாமல் பொடிக்க வேண்டாம். மெல்லக் கரைய வேண்டிய சில மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் சேர்ந்துவிடும்.