அயர்லாந்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகளின் கேள்விகளுக்கு அமைச்சர்கள் நிஜமாகவே பதில் சொல்கிறார்களா, இல்லை சமாளிக்கிறார்களா?

பதில் சொல்கிறார்கள். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான். கேட்காமல் விட்டதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். டப்ளினுக்குக் குடிவந்ததிலிருந்து நாடாளுமன்ற நேரலையை அவ்வப்போது பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது, அங்கே பெரும்பாலும் நடப்பது பொய் சொல்வது அல்ல, அளந்து சொல்வது. பொய் சொல்லி மாட்டினால் பதவி போகும். அளந்து சொன்னால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழவையின் பெயர் டாயில். அதன் உறுப்பினர்களை டிடி என்பார்கள். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு மொத்தம் 174 பேர். அவை வழக்கமாகக் கூடுவது செவ்வாய், புதன், வியாழன். தொலைக்காட்சியில் அதிகம் வருவது 'தலைவர்கள் கேள்வி நேரம்'. என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. எதிர்க்கட்சித் தலைவர் 3 நிமிடம் கேட்பார், பிரதமர் 3 நிமிடம் பதில் சொல்வார், அப்புறம் ஆளுக்கு ஒரு நிமிடம். வியாழக்கிழமைகளில் பிரதமருக்குப் பதிலாகத் துணைப் பிரதமரோ வேறு அமைச்சரோ எழுந்து நிற்பார். இது தவிர ஒவ்வொரு துறை அமைச்சரும் முறைவைத்து வந்து, முன்கூட்டி அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும். அவற்றில் முன்னுரிமைக் கேள்விகள் எதிர்க்கட்சிக் குழுக்களுக்கு மட்டுமே. மற்ற கேள்விகளின் வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கும். மூன்றாவது வகை எழுத்துக் கேள்வி. ஆண்டுக்குப் பல்லாயிரம் வரும். யாரும் நேரலையில் பார்க்காத இந்த வகையில்தான் சரக்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

தலைவர்கள் கேள்வி நேரத்தில் வரும் பதிலுக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுதாபம். பிறகு இந்த ஆண்டு பட்ஜெட்டில் எத்தனை கோடி யூரோ கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம் என்ற கணக்கு. நேரம் மிச்சமிருந்தால் ஒரு குத்து. முக்கிய எதிர்க்கட்சியான ஷின் ஃபேன் டப்ளினில் ஆட்சியில் இருந்ததில்லை என்பதால் பழைய ஆட்சியைச் சொல்லிக் குத்த முடியாது. ஆனால் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தின் ஆட்சியில் அந்தக் கட்சிக்குப் பங்கு உண்டு. அதனால் அதன் தலைவர் மேரி லூ மெக்டொனால்ட் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிக் கேட்டால், "வடக்கே பெல்ஃபாஸ்டில் உங்கள் ஆட்சியில் என்ன நிலவரம்?" என்ற பாணியில் எதிர்க்கேள்வி வரும். அதற்குள் சபாநாயகர் நேரம் முடிந்தது என்பார். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். தெரிந்துகொள்ளக் கிடைப்பது கொஞ்சம்தான்.

எழுத்துக் கேள்வியின் வலிமைக்கு ஓர் உதாரணம், டப்ளினில் கட்டப்படும் தேசியக் குழந்தைகள் மருத்துவமனை. 2017-இல் அரசு ஒப்புதல் கொடுத்தபோது செலவு 98.3 கோடி யூரோ. 2018 முடிவதற்குள் அது 140 கோடியைத் தாண்டியது. 2024-இல் 220 கோடியையும் தாண்டிவிட்டது. செலவு எகிறுகிறது என்பது அன்றைய சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸுக்கு 2018 ஆகஸ்ட் மாதமே தெரிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதம் ஃபியன்னா ஃபாயில் கட்சியின் உறுப்பினர் பேரி கோவன், திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்துக் கேள்வி அனுப்பினார். வந்த பதிலில் அந்தக் கூடுதல் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிலில் இருந்தது எதுவும் பொய் இல்லை என்று வாதாட இடம் இருந்தது, வாதாடவும் செய்தார்கள். ஆனால் 2019 தொடக்கத்தில் தேதிகள் வெளியே வந்ததும் அந்த வாதம் நிற்கவில்லை. இன்னும் விரிவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஹாரிஸ் அவையில் மன்னிப்புக் கேட்டார்.

அவர் பதவி போகவில்லை. ஷின் ஃபேன் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஃபியன்னா ஃபாயில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்து அந்த அரசைத் தாங்கியதே அந்தக் கட்சிதான். கேள்வி கேட்டவரும் அவர்கள் ஆள், அமைச்சரைக் காப்பாற்றியவர்களும் அவர்களே. 2024 ஏப்ரலில் ஹாரிஸ் பிரதமரும் ஆனார். ஆக, அரைகுறைப் பதிலுக்குத் தண்டனை உண்டா இல்லையா என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது பதிலின் தரம் அல்ல, அவையில் இருக்கும் எண்ணிக்கை.

எண்ணிக்கை எதிராகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதை இந்த மருத்துவமனை விவகாரத்துக்கு ஓராண்டு முன்பே, 2017 நவம்பரில் பார்த்தோம். காவல்துறை முறைகேடுகளை அம்பலப்படுத்திய சார்ஜென்ட் மாரிஸ் மெக்கேபை, ஒரு விசாரணை ஆணையத்தில் உள்நோக்கம் கொண்டவராகக் காட்டக் காவல்துறைத் தரப்பு வழக்கறிஞர்கள் முயன்றார்கள். இது நீதித்துறை அமைச்சகத்துக்கு எப்போது தெரியும் என்று தொழிற்கட்சியின் ஆலன் கெல்லி விடாமல் கேள்வி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பதிலிலும் விட்டுப்போனது எதுவோ, அதுவே அடுத்த கேள்வி. கடைசியில் 2015-ஆம் ஆண்டின் ஒரு மின்னஞ்சல் வெளிவந்தது. தான் முன்பு அவையில் சொன்னதைப் பிரதமர் லியோ வரத்கர் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த முறை ஃபியன்னா ஃபாயில் ஒதுங்கவில்லை, அரசையே கவிழ்ப்பதாக மிரட்டியது. நவம்பர் 28 அன்று துணைப் பிரதமர் ஃபிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரல்ட் ராஜினாமா செய்தார். மின்னஞ்சல் வந்தபோது நீதித்துறை அமைச்சராக இருந்தவர் அவர்தான். மறு ஆண்டு வந்த நீதிபதி சார்ல்டன் அறிக்கை அவர் மீது தவறு காணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேள்விகளால் ஒரு பதவி போனது. அது போயிருக்க வேண்டிய பதவிதானா என்பது வேறு விஷயம்.

அளந்து சொல்லும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1980களின் இறுதியில், ஈராக்குக்கு ஏற்றுமதியான மாட்டிறைச்சிக்கு அரசு கொடுத்த காப்பீடு பற்றி எதிர்க்கட்சிகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தன. 1991-இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு, நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் தீர்ப்பாயம் அமைத்தார்கள். 1994 வரை இழுத்தது. விசாரணையின் நடுவே அவரே அலுத்துப்போய்ச் சொன்னார்: இங்கே பதில் சொல்வதுபோல டாயிலில் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது, எவ்வளவோ பணமும் நேரமும் மிஞ்சியிருக்கும் என்று. எத்தனையோ அமைச்சர்கள் வந்து போய்விட்டார்கள், அந்தச் சொல் இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இன்றைக்கு வழக்கில் இருக்கும் தப்பிக்கும் வழி வேறு: "இது அந்த அமைப்பின் அன்றாட நிர்வாகம் சார்ந்த விஷயம், நேரடியாகப் பதில் தரும்படி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், 10 வேலை நாட்களுக்குள் வராவிட்டால் என் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்." 2005-இல் சுகாதார சேவையைத் தனி நிர்வாக அமைப்பிடம் கொடுத்ததிலிருந்து மருத்துவக் கேள்விகளில் இது சர்வசாதாரணம். சாலை, பேருந்து எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் அமைப்பு குறுக்கே நிற்கிறது. வேலையை நிபுணர்களிடம் விட்டது சரிதான். ஆனால் ரிப்பன் வெட்ட மட்டும் அமைச்சர் தவறாமல் வந்துவிடுகிறாரே!

எங்கள் பகுதியில் மாலை நேரப் பேருந்து போதவில்லை என்று எங்கள் டிடிக்கு எழுதினேன். அவர் அனுப்பிய கேள்விக்கு மேலே சொன்ன அதே பதில் அட்சரம் பிசகாமல் வந்தது. அவருடைய உதவியாளர் அசரவில்லை. "பேருந்து எப்போது வரும் என்று கேட்டால் தள்ளிவிடத்தான் செய்வார்கள். உங்கள் துறை அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தது, அதில் எவ்வளவு செலவானது என்று கேட்போம்" என்றார். பணம் கொடுத்தது அமைச்சகம், அதனால் பதிலும் அமைச்சகமே சொல்லியாக வேண்டும். ஆண்டுவாரியாகப் பிரித்து அட்டவணையே வந்தது.

யாரெல்லாம் எதிர்க்கட்சி என்பதிலேயே சண்டை நடந்ததையும் குறிப்பிட வேண்டும். அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளுக்கு எதிர்க்கட்சியின் பேச்சு நேரத்தில் பங்கு கொடுக்கப் பார்த்ததால் 2025 ஜனவரியில் அவை அமளியில் முடங்கி, பிரதமர் தேர்வு ஒரு நாள் தள்ளிப்போனது. மார்ச்சில் அரசு தன் பெரும்பான்மையை வைத்து விதிகளை மாற்றி, அவர்களுக்கும் ஆளுங்கட்சிப் பின்வரிசையினருக்கும் தனி நேரம் ஒதுக்கியது. தன் ஆதரவாளர் கேட்கும் கேள்விக்குப் பிரதமர் எவ்வளவு வியர்ப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் அயர்லாந்தில் இருந்தால் குடியுரிமை இல்லாவிட்டாலும் உங்கள் தொகுதி டிடிக்கு எழுதலாம். கேள்வியும் பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி வந்துவிடும். எவ்வளவு, எந்தத் தேதியில், யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். எப்போது சரியாகும் என்று கேட்டால் 'உரிய காலத்தில்' என்றுதான் வரும்.