அப்பாவோட 486 உயிரோடதான் இருக்கு

கேள்வி: அப்பா 90கள்ல கல்யாணப் பத்திரிகை டைப் செட் பண்ண வாங்கின 486 கம்ப்யூட்டர், 15 வருஷம் பரண்ல கிடந்தது. இப்ப போட்டா பவர் சப்ளை ஃபேன் மட்டும் சுத்துது, பீப் சத்தமும் இல்ல, திரையில ஒண்ணும் வரல. கீபோர்டு சொருகுற இடத்துக்கிட்ட ஏதோ பச்சையா பூத்திருக்கு. கடையில காட்டினா குப்பையில போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஏதாவது வழி இருக்கா சார்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தயவுசெஞ்சு குப்பையில போட்டுடாதீங்க, முதல்ல பிளக்கைக் கழட்டிடுங்க, இனிமே சும்மா சும்மா ஆன் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

நீங்க சொல்ற அந்தப் பச்சைதான் பாதி பதில். அந்தக் காலத்து போர்டுகள்ல தேதி, நேரம் ஞாபகம் வெச்சுக்க 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி, சின்ன உருளையா, போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா அது கசியும். கசியறது ஆசிட்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, அது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதனால சோடா உப்பு போட்டுத் தேய்க்காதீங்க, வெள்ளை வினிகர்தான் வேணும். பேட்டரியை வெட்டி எடுத்துட்டு, பழைய டூத் பிரஷ்ல வினிகர் தொட்டுத் தேய்ங்க, அப்புறம் சுத்தமான தண்ணி, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ரெண்டு நாள் நல்லா காயட்டும்.

காஞ்சதும் லென்ஸ் வெச்சுப் பாருங்க. கறுத்துப்போன செம்புத் தடம் ஒவ்வொண்ணையும் மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி, அதாவது தடம் அறுபடாம இருக்கான்னு பார்க்கணும், இதுக்குத்தான் பொறுமை வேணும், ஒரு முழு ஞாயித்துக்கிழமை போயிடும். நான் ஒரு 386 (486க்கு முந்தின தலைமுறை) போர்டுல சிப் சிப்பா மாத்திப் பார்த்து அலுத்துப்போன பிறகு, கடைசியில கீபோர்டு கன்ட்ரோலர் சிப்புக்குப் போற ஒரே ஒரு தடம் சாக்கெட்டுக்கு அடியில அறுந்திருந்ததைக் கண்டுபிடிச்சேன், காயில் கட்டுற கடையில வாங்கின மெல்லிசு எனாமல் கம்பியில ஒரு இணைப்பு கொடுத்தேன், பீப்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

திரும்ப கரன்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி 5 வோல்ட், 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஓம் பாருங்க. ஜீரோ பக்கத்துல காட்டினா, ஏதோ ஒரு டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், அந்த மஞ்சள் சொட்டு மாதிரி இருக்குமே, அதான். புதுசு போடும்போது பிளஸ் மைனஸ் மாத்திடாதீங்க, வெடிக்கும். பவர் சப்ளையிலேர்ந்து போர்டுக்கு வர்ற பி8, பி9 பவர் கனெக்டர் ரெண்டையும் சொருகும்போது கறுப்பு வயர்கள் நடுவுல பக்கத்துப் பக்கத்துல வரணும், மாத்திச் சொருகினா போர்டு அன்னிக்கே போயிடும்.

ஸ்பீக்கர் வயரும் சொருகியிருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பீப் எங்கேர்ந்து கேட்கும்! மெமரி 30 பின் டைப்னா 486ல நாலு நாலாத்தான் போடணும், மூணு போட்டா எழும்பாது.

புது பேட்டரின்னு சிஆர்2032ஐ அப்படியே சால்டர் பண்ணிடாதீங்க, போர்டு அதை சார்ஜ் பண்ணப் பார்க்கும், அது ஆபத்து. பல போர்டுகள்ல வெளி பேட்டரிக்குன்னே 4 பின் இருக்கும், மேனுவல்ல சொன்ன மாதிரி ஜம்பரை (பின்களை இணைக்கிற குட்டி மூடி) மாத்திட்டு வெளி பேட்டரியை அதுல கொடுங்க, இல்லேன்னா சார்ஜ் திரும்பிப் போகாம நடுவுல ஒரு டையோடு போடுங்க.

இவ்வளவும் பண்ணியும் எழும்பலேன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போறப்ப டீபக் (debug) கார்டு கேட்டுப் பாருங்க, போர்டு எழும்பும்போது எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு நம்பரா காட்டுற கார்டு அது. ஐஎஸ்ஏங்கிற பழைய டைப் ஸ்லாட்டுல போடுறதா இருக்கணும், அதுக்கு அப்புறம் வந்த பிசிஐ ஸ்லாட்டுக்கு மட்டும் இருக்கிறது உங்களுக்கு ஆகாது. அதுல எந்த நம்பர்ல நிக்குதுன்னு பார்த்து, பேட்டரி இருந்த மூலையைக் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்தது என்னன்னு பார்ப்போம்.