நான்கு ஊர்களுக்கு ஒரே விழுக்காடு

கேள்வி: வேலைக்காக நாள்தோறும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் வருகிறேன். அங்குள்ள மக்களில் 87 விழுக்காட்டினர் இந்துக்கள் என்று படித்தேன். இஸ்லாமியர் வாழும் முல்லா வீதியையும் இத்தனை மாதா கோயில்களையும் பார்க்கும்போது அந்த எண் பொருந்தவில்லையே? அங்கே வாழ்பவர்கள் எல்லாரும் தமிழர்கள்தாமா?
— வாசகர் ஒருவர், கடலூர்

பதில்: நீங்கள் படித்த எண் சரியானதே. 2011 கணக்கெடுப்பின்படி, யூனியன் பிரதேசத்தின் 12,47,953 பேரில் இந்துக்கள் 87 விழுக்காடு. கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் தலா 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் நீங்கள் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி நுழையும் நிலம் மட்டுமே புதுச்சேரி அன்று. 1954இல் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற நான்கு பகுதிகளை, அதாவது இங்குள்ள புதுச்சேரியையும், நாகைக்கு வடக்கே காரைக்காலையும், கேரளக் கரையில் மாஹேயையும், ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் ஏனாமையும், ஒன்றாகக் கூட்டி வகுத்த சராசரி அது. மாஹேயில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் இஸ்லாமியர். அவர்கள் மலையாளம் பேசும் மாப்பிளைமார். காரைக்காலில் ஏழு பேருக்கு ஒருவர் இஸ்லாமியர். அவர்களின் வீட்டுமொழி தமிழ். ஏனாமிலோ பெரும்பாலோர் தெலுங்கு பேசும் இந்துக்கள். காரைக்காலும் மாஹேயும் சேர்ந்து மொத்த மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆயினும் பிரதேசத்து இஸ்லாமியரில் பாதிக்கு மேற்பட்டோர் அவ்விரு ஊர்களில்தான் இருக்கிறார்கள். இதை அறியாமல் 6 விழுக்காடு என்று சொல்வது எந்த ஊரையும் சொன்னதாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாரும் தமிழர்தாமா என்ற கேள்விக்குக் கணக்கெடுப்பில் நேரடியான விடை கிடைக்காது. அது மதத்தையும் தாய்மொழியையும் கேட்கிறதே அன்றி இனத்தைக் கேட்பதில்லை. ஐரோப்பியர் வழியும் இந்நாட்டார் வழியும் கலந்து வந்த கிரியோல் குடும்பங்கள் அதில் வெறும் கிறிஸ்தவர்களாகவே பதிவாகின்றன. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்குச் சென்று பாருங்கள். மார்பில் பதக்கங்கள் அணிந்து நிற்கும் முதியவர்களை ஊரார் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தாலும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள்.

விடுமுறை கிடைத்தால் வில்லியனூர் வரை போய் வாருங்கள். அங்கே லூர்து மாதா கோயிலுக்கு முன்னால், சிவன் கோயில்களில் இருப்பதைப் போலவே படிக்கட்டு வைத்த திருக்குளம் ஒன்று இருக்கிறது. அதே ஊரில்தான் திருக்காமீஸ்வரர் கோயிலும் உள்ளது. பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைத்த வழக்கத்தை, இன்றும் வைகாசித் தேரோட்டத்தில் துணைநிலை ஆளுநர் தொடர்கிறார்.