முள்ளில் முடி கட்டுவோர் கேட்ட கேள்விகள்

சேலத்திலிருந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போனால் சுமார் 200 கிலோமீட்டர். வாரக் கடைசியில் மீன்பிடி ராடைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு, மற்ற நாட்களில் ராத்திரி உட்கார்ந்து ஹூக்கில், அதாவது தூண்டில் முள்ளில், இறகும் முடியும் கட்டுவதுதான் கடல். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே.

பாப்பரின் (தண்ணீர் மேல் மிதக்கும் லூர், அதாவது செயற்கை இரை) ட்ரெபிள் ஹூக்கில் (மூன்று முள் சேர்ந்த ஹூக்) இறகு கட்டுவது அழகுக்கா, மீனுக்கா? (அம்மாப்பேட்டை)

மீனுக்குத்தான். பாப்பரை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தியதும் லூர் கட்டையாக மிதக்கும். அப்போது உயிரோடு இருப்பதுபோல் அசைவது வாலிலுள்ள இறகு மட்டுமே. பாறை மீனும் கொடுவாவும் பல நேரம் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். ஆனால் பின் ஹூக்கில் மட்டும் கட்டுங்கள். வயிற்று ஹூக்கில் கட்டினால் தண்ணீர் இழுத்து ஆட்டம் செத்துவிடும். 7, 8 சென்டிமீட்டர் மின்னோவில் (குட்டி மீன் வடிவ லூர்) வாலில் கட்டுவதே கூட ஆட்டத்தைக் கெடுக்கலாம். கடலுக்குப் போகும் முன் கிணற்றிலோ ஏரிக்கரையிலோ ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

நான் கட்டும் முடி இரண்டு மீனுக்குள் உருவி வந்துவிடுகிறது. பசை போட்டும் பயனில்லை. (ஓமலூர்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விளக்குமாறு மாதிரி முடி வைத்திருக்கிறீர்கள். அத்தனை முடியையும் ஒரே கட்டாகக் கட்டினால் நூல் வெளி முடியை மட்டும்தான் பிடிக்கும். உள்ளே இருக்கும் முடிக்குப் பிடிமானமே இல்லை. பசையும் அங்கே போய்ச் சேராது.

முதலில் முடியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் அலசுங்கள். ஆட்டு முடியில் எண்ணெய்ப்பசை இருக்கும், வழுக்கும். காய்ந்ததும் நுனியைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தில் இருக்கும் குட்டை முடியையும் பஞ்சு மாதிரி இருப்பதையும் உருவி எறியுங்கள். ஒரு கற்றை தீக்குச்சிப் பருமன் இருந்தால் போதும்.

ஹூக்கின் தண்டில் முதலில் வெறும் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வளையத்தை ஒட்டி 2 மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஹூக்கை லூரில் மாட்டும் ஸ்ப்ளிட் ரிங் திரும்ப இடமிருக்காது. நூலின் மேல் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. கற்றையை முள்ளின் மேல் வைக்காமல் இரண்டு முள்ளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வையுங்கள். இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதில் இறுக்கி இழுத்து, பிறகு எட்டு, பத்து சுற்று. அடிமுடியைச் சாய்வாக நறுக்கிவிட்டு அடுத்த பள்ளத்துக்குப் போங்கள். மூன்று பள்ளம், மூன்று கற்றை. முடி சமமாக விரியும், முள் முனை மூன்றும் திறந்தே இருக்கும். நீளம் ஹூக்கைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் மீன் நுனியைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

பருத்தி நூல் வேண்டாம், உப்புத்தண்ணீரில் சீக்கிரம் இற்றுவிடும். நைலான்தான் சரி.

கட்டின் மேல் பூசும் எபாக்சி பசை இரண்டு நாளானாலும் பிசுபிசு என்றே இருக்கிறது. (ஏற்காடு)

முதல் சந்தேகம் கலவை மேல்தான். எபாக்சியின் இரண்டு பாகமான ரெசினும் ஹார்டனரும் கண்ணளவில் எடுக்கக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, ஒரு நிமிஷமாவது நன்றாகக் குழைக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் ஒட்டினால் காரணம் உங்கள் ஊர். 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, ஈரம். குளிரில் எபாக்சி மெதுவாகத்தான் இறுகும், ஈரக்காற்றில் மேலே பசை மாதிரி ஒரு படலம் படியும். அட்டைப் பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அட்டையில் படாமல் எரியவிட்டு, பக்கத்திலேயே இருந்து காய வையுங்கள்.

புற ஊதா ஒளி பட்டு இறுகும் யுவி ரெசினுக்கு மாறினாலும் மேகமூட்டத்தில் வெயிலை நம்ப முடியாது, யுவி டார்ச் வேண்டும். அதிலும் மேலே லேசான பிசுக்கு நின்றால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

காட்டில் கிடந்த மான் வால் முடி, மயில் தோகை இரண்டும் கையில் இருக்கின்றன. கட்டலாமா? (வாழப்பாடி)

மான் முடியைத் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடந்த காட்டு விலங்கின் உடற்பகுதியும் அரசுக்குச் சொந்தம். மயிலும் அதே சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் தோகை இழை கடலுக்குத் தாங்காது, சீலா மீனின் பல் ஒருமுறை பட்டால் அறுந்துவிடும்.

நாட்டுச் சேவலின் கழுத்து இறகும் முதுகு இறகும் இருக்கும்போது வேறு எதற்கு? கறிக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஷாம்பூ போட்டு அலசிக் காயவைத்து, பாச்சை உருண்டையோடு டப்பாவில் மூடி வையுங்கள். முடிக்குக் கிடாவின் தாடி நல்லது.

தறியில் மிஞ்சும் ஜரிகையை மினுக்கத்துக்குப் போடலாமா? சாயம் எது? (இளம்பிள்ளை)

தாராளமாக. இந்த விஷயத்தில் கடலோரத்துக்காரர்களைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள். ஒரு இழையை நெருப்பில் காட்டிப் பாருங்கள். சுருண்டு உருகினால் பிளாஸ்டிக் ஜரிகை, அதுதான் வேண்டும். கம்பி மிஞ்சினால் உள்ளே செம்பு இருக்கலாம், உப்பில் கறுத்துவிடும். ஒரு ஹூக்குக்கு நாலிலிருந்து ஆறு இழை போதும்.

இறகும் பட்டைப் போலப் புரதம்தான். அதனால் பட்டுக்குப் போடும் ஆசிட் சாயம் நன்றாகப் பிடிக்கும். பருத்திச் சாயம் வேண்டாம். கொதிக்காத சுடுதண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டுச் சாயம் ஏற்றுங்கள். சிவப்பு ஆழத்தில் முதலில் மங்கும் நிறம், எனவே மேலாக ஓடும் லூருக்கு மட்டும் அது. மற்றதுக்கு வெள்ளைதான் என் கை போகும் நிறம்.

டீசரை (லூருக்கு முன்னால் கிளை நூலில் கட்டும், முடி வைத்த சிறு ஹூக்) லூருக்கு எவ்வளவு முன்னால் கட்டுவது? (ஆத்தூர்)

45 முதல் 60 சென்டிமீட்டர். லீடரில் (லூருக்கு முன்னால் வரும் தடித்த நூல்) இருந்து பிரியும் கிளை நூல் 10, 12 சென்டிமீட்டருக்கு மேல் போனால் வீசும்போதே சிக்கும். கொஞ்சம் தடித்த, விறைப்பான நூலாக இருந்தால் தள்ளி நிற்கும். 1/0 அளவு ஒற்றை ஹூக், வெள்ளை முடி கொஞ்சம், இரண்டு இழை ஜரிகை, எடை எதுவும் வேண்டாம். பெரிய மீன் குட்டி மீனைத் துரத்துவதுபோல் தெரியவேண்டும், அவ்வளவுதான். கனமான ஸ்பூனோடு (கரண்டி வடிவ உலோக லூர்) வீசுங்கள், இலேசான மின்னோவோடு வேண்டாம். வஞ்சிரம் இருக்கும் இடமென்றால் கிளைக்கும் பல்லில் அறுபடாத சிறு கம்பி வயர் தேவை.

அப்புறம் ஒன்று. லூரில் மீன் மாட்டினால் டீசர் ஹூக் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மீன் துள்ளும்போது அது உங்கள் கையில் ஏறும். முள் முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டே கட்டுங்கள்.

ஹூக் டப்பாவுக்குள்ளேயே துருப்பிடிக்கிறது. (மேட்டூர்)

முடி தண்ணீரைப் பிடித்து வைக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வீட்டில் ஒரு ராத்திரி கொடியில் மாட்டிக் காய்ந்தபின் டப்பாவில் போடுங்கள். மேட்டூர் அணையில் போடும் பழுப்பு நிற ஹூக்கில் கட்டியிருந்தால் அலசியும் பலனில்லை. டின் பூசிய கடல் ஹூக் வாங்கிக் கட்டுங்கள்.